விறகடுப்பு ஏன் புகைகிறது? பிளப்பதிலிருந்து தணல் வரை

விறகடுப்பில் சமைப்பவர்களிடம் கேட்டால் முதலில் சொல்லும் குறை புகைதான். கண் எரிகிறது, சுவர் கறுக்கிறது, பாத்திரமெல்லாம் கரி, தலைமுடி வரை புகை நாற்றம். விறகு என்றால் புகையத்தான் செய்யும் என்று பலரும் அதோடு வாழப் பழகிவிட்டார்கள். ஆனால் அந்தப் புகையில் பெரும்பகுதி எரியாமல் தப்பிப்போன விறகு. காசு கொடுத்து வாங்கி, வெட்டி, சுமந்து வந்த எரிபொருள்தான் சுடராகாமல் கண்ணில் வந்து பாய்கிறது. அதைக் குறைக்கப் புது அடுப்பு வாங்க வேண்டும் என்றில்லை. விறகை அளவாகப் பிளந்து, முழுதாகக் காயவைத்து, காற்றுக்கு இடம் விட்டு எரித்தாலே அதே மண்ணடுப்பில் வித்தியாசம் தெரியும்.

கேஸ் வந்த பிறகும் விறகு வீட்டை விட்டுப் போய்விடவில்லை. 2016-இல் உஜ்வலா திட்டம் தொடங்கியதிலிருந்து கிராமத்து வீடுகளில் சிலிண்டர் சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, விசேஷத்துக்குப் பெரிய அண்டாவில் சோறு என்றால் கொல்லைப்புற அடுப்புதான். ஊர் வீட்டுக்குத் திரும்பிப் புதிதாக அடுப்புப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். விறகைக் கையால் தொட்டுப் பழகாத அவர்களை மனதில் வைத்து அடியிலிருந்து சொல்கிறேன்.

விறகுக்குள் இருக்கும் தண்ணீர்

புதிதாக வெட்டிய பச்சை விறகு ஒரு கிலோ எடுத்தால், மரத்தைப் பொறுத்து அதில் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் வரை தண்ணீர்தான். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றும் மெல்லிய குழாய்களை நெருக்கிக் கட்டிய கட்டு போன்றதுதான் மரம். வெட்டிய பிறகும் அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் நிற்கிறது. குழாயின் சுவரிலும் ஊறிப்போயிருக்கிறது. குழாய்க்குள் நிற்பது சீக்கிரம் போய்விடும். அது போன பிறகும், உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சுவரில் மிச்சம் இருக்கும். இதை விரட்டத்தான் நாள் பிடிக்கும். இது போகப் போக மரம் சுருங்கும். வெட்டுமுனையில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வெடிப்பு விடும். வெடிப்பு விடாத விறகு இன்னும் பச்சை என்று பெரியவர்கள் ஒதுக்குவது இதனால்தான்.

அடுப்பில் வைத்த பச்சை விறகு முதலில் தன் தண்ணீரைக் காய்ச்சி விரட்ட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைப்பது சின்ன வேலை. கொதிக்கிற தண்ணீரை முழுதாக ஆவியாக்க அதைப் போல் ஏழு மடங்குக்கு மேல் சூடு தேவை. கணக்காகச் சொன்னால், அரை கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 1.3 மெகாஜூல் (சூட்டை அளக்கும் அலகு) போகும். கூட இருக்கும் அரை கிலோ உலர் மரம் தருவது சுமார் 9 மெகாஜூல். ஏழில் ஒரு பங்குதானே நஷ்டம், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அது புரிய, விறகு எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

விறகுக் கட்டை அப்படியே தீப்பிடிப்பதில்லை. சூடு ஏறும்போது முதலில் தண்ணீர் போகிறது. அது போய், சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்கி வாயுக்களைக் கக்கும். உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ இப்படி வாயுவாகவும் ஆவியாகவும் கிளம்பிவிடும். நாம் காணும் சுடர் இந்த வாயு எரிவதுதான். மிச்சம் நிற்பது கரி. அது சுடர் அதிகம் இல்லாமல் தணலாகக் கனன்று எரியும்.

வாயு முழுதாக எரிய வேண்டுமானால் காற்று போதுமான அளவு இருக்க வேண்டும். சுடர் இருக்கும் இடத்தில் சூடும் 600 டிகிரிக்குப் பக்கம் இருக்க வேண்டும். ஈர விறகில் இந்தச் சூடுதான் கெடுகிறது. கிளம்பும் நீராவி சுடரைக் குளிரவைத்துவிடும். மரம் சிதைகிற அளவுக்குச் சூடு இருக்கும், கிளம்பிய வாயுவை எரிக்கிற அளவுக்கு இருக்காது. வாயு எரியாமலே மேலே போகும். அதுதான் புகை. குளிர்ந்த இடத்தில் பட்டதும் தாராகவும் கரியாகவும் படியும். விறகின் சூட்டில் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், புகைகிற அடுப்பில் சோறு வேகத் தாமதமாவது ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

பச்சை விறகு எரிவதை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் முதலில் ஈரம் கறுப்பாகப் படரும். அப்புறம் உஸ்ஸென்று மெல்லிய சத்தம். அதன் பின்னால் பழுப்பு நுரை குமிழ் குமிழாகக் கிளம்பி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். உள்முனையில் கொதிக்கிற தண்ணீர் நார் வழியாக முழு நீளமும் ஓடி வெளிமுனைக்கு வந்திருக்கிறது. அதே நேரம் கட்டையின் பட்டைப் பக்கம் தொட்டுப் பார்த்தால் காய்ந்தாற்போல இருக்கும். தண்ணீர் நீளவாக்கில் எளிதாக ஓடும், குறுக்கே ஓடாது. குறுக்கே போவதை விட நீளவாக்கில் 10 முதல் 15 மடங்கு வேகமாக ஈரம் நகர்கிறது. பிளப்பது ஏன் என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

பிளப்பது

உருண்டைக் கட்டையை அப்படியே போட்டு வைத்தால் இரண்டு முனை வழியாக மட்டும்தான் காயும். மற்ற இடமெல்லாம் பட்டை மூடியிருக்கிறது. ஈரத்தை வெளியே விடாமல் காப்பதுதான் மரத்தில் பட்டைக்கு வேலை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 47 சென்டிமீட்டர், அவ்வளவும் பட்டை. அதையே நடுவிலிருந்து எட்டுத் துண்டாகப் பிளந்தால், காற்றுப் படும் ஓரம் மொத்தம் 167 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அதில் 120 பட்டையில்லாத புது முகம். தடிமன் பாதியானால் காயும் காலம் கால்வாசிக்குப் பக்கம் இறங்கும் என்பது தோராயமான கணக்கு. ஒரு வருஷம் போட்டாலும் உள்ளே ஈரம் போகாத கட்டை, பிளந்தால் ஒரு கோடைக்குள் காய்ந்துவிடுவது இதனால்தான்.

பிளப்பதைப் பச்சையாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். காய்ந்த பிறகு பிளந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் இரண்டு வகையில் நஷ்டம்: காய்வதும் தாமதம், பிளப்பதும் கஷ்டம். பெரும்பாலான மரங்கள் காயக் காய இறுகும். தைலமரமும் புளியும் காய்ந்த பிறகு கோடாலியையே திருப்பி அனுப்பும்.

கோடாலியில் இரண்டு வகை வேலை இருக்கிறது. மரத்தை வெட்டிச் சாய்க்க மெல்லிய, கூரான வாய் வேண்டும். பிளப்பதற்கு அவ்வளவு கூர் தேவையில்லை; வாயிலிருந்து மண்டை வரை தடித்துக்கொண்டே போகும் கனமான தலை வேண்டும். மெல்லிய கோடாலி உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும். தடித்த கோடாலி இரு பக்கமும் தள்ளித் திறக்கும். கணுவும் முறுக்கும் உள்ள கட்டைக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்தான் சரி.

முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி ஒரு அடிக்கட்டையைத் தரையில் அசையாமல் நிறுத்தி, பிளக்க வேண்டிய கட்டையை அதன் மேல் செங்குத்தாக வையுங்கள். உடனே ஓங்க வேண்டாம். முதலில் மேல்முகத்தைப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு ஏற்கனவே எந்தப் பக்கம் ஓடியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மரம் திறக்கத் தயாராக இருக்கிறது. பக்கவாட்டில் கிளை கிளம்பிய கணு இருந்தால், அந்தக் கணுவைக் குறுக்கே வெட்டாமல் அதன் வழியாகவே நீளவாக்கில் பிளவு போகும்படியோ, அல்லது அதைத் தொடாமல் விலகியோ அடிக்க வேண்டும். சின்னக் கட்டையானால் நடுவில் ஒரே போடு போதும். பெரிய கட்டையை நடுவில் அடித்தால் கோடாலி மாட்டிக்கொள்ளும். ஓரத்திலிருந்து பத்தை பத்தையாகச் சீவி எடுத்துக்கொண்டே உள்ளே வாருங்கள். நடு வைரம், அதாவது இறுகிய உள்மரம், கடைசியில் சின்னதாக நிற்கும், அப்போது எளிதாகப் பிளக்கும்.

சரியாக விழுந்த அடியைச் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம். மாட்டிக்கொண்ட அடி மொத்தென்று கேட்கும். திறக்கிற அடி சடாரென்று கேட்கும், அதோடு மரத்தின் பச்சை வாசனையும் கிளம்பும்.

உடம்பைக் காப்பது பற்றி இதில் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும். கால்களை அகட்டி நில்லுங்கள். கோடாலி இறங்கும்போது முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்துங்கள். அப்போது தவறிய அடியும் காலை நோக்கி வளையாமல் அடிக்கட்டையிலோ மண்ணிலோ போய் விழும். ஹவாய் செருப்போடு பிளக்காதீர்கள், மூடிய ஷூ வேண்டும். வேட்டி, லுங்கியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். சிராய் கண்ணுக்குத் தெறிக்கும். சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி மலிவுதான். தொடங்கும் முன்பு கோடாலித் தலை காம்பில் ஆடுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். ஆடினால் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது பழைய வழக்கம். அது காய்ந்ததும் மறுபடி தளரும், அதனால் நம்ப வேண்டாம். காம்பின் தலையில் ஆப்புச் செருகி இறுக்கிய பிறகே ஓங்குங்கள். குழந்தைகள் சுற்றி நிற்க வேண்டாம். கருவேலமாக இருந்தால் முள்ளைக் கழித்த பிறகே கையில் எடுங்கள்.

எந்தத் தடிமன்? சமையல் மண்ணடுப்புக்கு மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் வேண்டாம். பற்றவைக்க விரல் தடிமனில் ஒரு கட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் அடுப்புக்கும் அண்டா அடுப்புக்கும் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். தூர்க்கட்டை எனப்படும் வேர்ப்பகுதியோடு மல்லுக்கட்ட வேண்டாம். நார் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும்.

காயவைப்பது

தமிழ்நாட்டில் பெரும்பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதைக் கணக்கில் வைத்து விறகு வேலையைப் பின்னோக்கி அடுக்கினால், தை மாசியில் வெட்டிப் பிளந்து, பங்குனி முதல் வெயிலில் போட்டு, ஆடிக் காற்றையும் வாங்கவைத்து, புரட்டாசி முடிவதற்குள் கூரைக்குள் ஏற்றிவிட வேண்டும். மணிக்கட்டுத் தடிமன் விறகுக்கு ஒரு கோடை தாராளம். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் குளிரும் மூடுபனியும் அதிகம் என்பதால் அங்கே இதைவிட நீண்ட காலம் விட வேண்டியிருக்கும்.

வெயிலை எல்லாரும் நினைக்கிறோம், காற்றை மறந்துவிடுகிறோம். குவியலாகப் போட்ட விறகில் மேலே கிடப்பது காயும், அடியில் கிடப்பது பூஞ்சை பிடிக்கும். மரத்தின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போகக் காற்று குறுக்கே ஓட வேண்டும். ஆகவே தரையில் போடாதீர்கள். இரண்டு வரிசை செங்கலோ கருங்கல்லோ வைத்து, அதன் மேல் அடுக்குங்கள். மண் ஈரம் ஏறாது, கரையானும் சுலபமாக ஏறாது. வரிசையின் இரண்டு ஓரத்திலும் ஒரு அடுக்குக் குறுக்கே, ஒரு அடுக்கு நெடுக்கே என்று கோபுரம் மாதிரி கட்டினால் நடுவில் உள்ளது சரியாது. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு கை அளவு இடம் விடுங்கள்.

தார்ப்பாயைப் போட்டுத் தரை வரை சுற்றி மூடுவதைப் பல வீட்டில் பார்க்கலாம். அதைச் செய்யாதீர்கள். உள்ளே கிளம்பும் ஈரம் தார்ப்பாயின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் திரண்டு மறுபடி விறகிலேயே சொட்டும். மேலே மட்டும் ஓலையோ தகரமோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

மழையில் நனைந்த விறகைக் கண்டு பதற வேண்டாம். காய்ந்த விறகு ஒரு மழையில் நனைந்தால் மேல்பரப்புதான் ஈரமாகும். இரண்டு மூன்று நாள் வெயிலில் பழையபடி ஆகிவிடும். பச்சை விறகின் ஈரம் உள்ளே இருப்பது, வெளியே வர மாதங்கள் எடுக்கும். பார்க்க உலர்ந்த பச்சை விறகைவிட, பார்க்க நனைந்திருக்கும் காய்ந்த விறகு எவ்வளவோ மேல்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அடுத்த வாரத்து விறகை அதில் போட்டு வைக்கும் பழக்கம் நல்ல பழக்கம். அடுப்பின் சூடு சும்மா போகாமல் விறகைக் காயவைக்கிறது. ஆனால் அடுப்பை ஒட்டித் தரையில் சாய்த்து வைத்துவிட்டு இரவு படுக்கப் போகக் கூடாது. ஒரு கங்கு தெறித்தால் போதும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டுமுனையில் வெடிப்பு, பட்டை தானாக உரிவது, நிறம் மங்குவது எல்லாம் நல்ல அடையாளம். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினால் பச்சை மந்தமாகக் கேட்கும், காய்ந்தது டங்கென்று ஒலிக்கும். இதெல்லாம் கைப்பழக்கம் வந்தவர்களுக்கு. புதியவர்களுக்கு நான் சொல்வது தராசு. குவியலின் வெவ்வேறு இடங்களிலிருந்து நாலைந்து துண்டை எடுத்து, சாக்பீஸால் குறி போட்டு, எடையை ஒரு தாளில் எழுதுங்கள். வாரம் ஒரு தடவை அதையே நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வரும். இரண்டு மூன்று வாரம் மாறாமல் நின்றால், அந்த ஊர்க் காற்றில் எவ்வளவு காயுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது. ஈரமானி என்ற சின்னக் கருவியும் கிடைக்கிறது. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். வெளிப்பக்கம் குத்தினால் பொய் சொல்லும், புதிதாகப் பிளந்த உள்முகத்தில் குத்த வேண்டும். 20-க்குக் கீழே வந்தால் எரிக்கலாம். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, சிறிய அளவில் வீடுகளுக்கு விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இதில் பெரிய சங்கதி ஒன்று உண்டு. நம் ஊரில் விறகு எடைக்குத்தான் விற்கிறது. பாதி தண்ணீராக இருக்கும் 1 டன் பச்சை விறகு, காய்ந்த பிறகு 600 கிலோவுக்குப் பக்கம்தான் நிற்கும். மிச்ச 400 கிலோ தண்ணீருக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள், வண்டி வாடகையும் கொடுத்திருக்கிறீர்கள். நன்றாகக் காய்ந்த விறகுக்குக் கடைக்காரர் ஒன்றரை மடங்கு விலை சொன்னாலும் நஷ்டம் இல்லை. கடையில் ஒரு கட்டையைப் பிளந்து காட்டச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். உள்முகம் சில்லென்று இருந்தால் இன்னும் பச்சை.

எந்த மரம்

மரத்துக்கு மரம் சூடு பெரிதும் மாறும் என்று நினைக்கிறோம். எடைக்கு எடை பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஒரு கிலோ காய்ந்த மாவும் ஒரு கிலோ காய்ந்த புளியும் ஏறக்குறைய ஒரே சூடு தரும். மாறுவது கனம். கனமான மரம் மெதுவாக எரிந்து நெடுநேரம் தணல் நிற்கும், இலேசான மரம் குப்பென்று பற்றி எரிந்து முடியும். டீ போட மா விறகோ தென்னை மட்டையோ போதும். கறிக்குழம்பு கொதிக்கவும் அண்டா வெந்நீருக்கும் சவுக்கு, கருவேலம், சீமைக் கருவேலம், புளி. சவுக்கு நேராக வளரும், நன்றாகக் காய்ந்து எரியும், அதனால்தான் கடலோர மாவட்டங்களில் விறகுக் கடை என்றாலே சவுக்குக் கட்டை அடுக்கியிருக்கும். சீமைக் கருவேலம் நிலத்துக்குச் செய்யும் கெடுதல் வேறு விஷயம்; விறகாகவும் மூட்டம் போட்ட கரியாகவும் ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து வீடுகளுக்குப் பிழைப்பே அதில்தான். முருங்கையை விறகு என்று சேர்த்து வைக்காதீர்கள், பஞ்சு போன்ற தண்டு.

சிலவற்றை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அரளி நஞ்சு, அதன் புகையும் ஆகாது. பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும், எரித்தால் வரும் புகையும் கண்ணுக்கு ஆபத்து. பால் வடியும் கள்ளி, எருக்கு வேண்டாம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்து ஏற்றிய மரம் எதையும் சமையல் அடுப்பில் எரிக்காதீர்கள்.

எரிப்பது

அடுப்பில் நேற்றைய சாம்பலை முழுதாக வழித்துவிட வேண்டாம். கனமில்லாத ஒரு படுகை இருந்தால் தணல் சூடு தாங்கும். ஆனால் வாய் அடைக்கிற அளவுக்குச் சாம்பல் மேடாக இருந்தால் காற்று நுழையாது. பற்றவைக்கப் பன்னாடை, காய்ந்த ஓலை, எள்ளுமார், துவரைமார் (காய்ந்த எள், துவரைச் செடித் தண்டு) எதுவும் சரி. அதன் மேல் விரல் தடிமன் சுள்ளி, நாலு கொட்டாங்குச்சி, அது பிடித்த பிறகு பெரிய விறகு. மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் போடுவதும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் புகையில் டயாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் உண்டு, அது நேராக உலையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

பற்றவைத்த முதல் சில நிமிஷம் புகை வருவது இயல்பு, அடுப்பும் பாத்திரமும் இன்னும் குளிர்ந்திருக்கின்றன. அதற்கு மேலும் புகைந்தால் காரணம் தேட வேண்டும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் ஈரம், அல்லது சூடு போதவில்லை. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை. மேலே கானல் மட்டும் ஆடி, புகை கண்ணுக்கே தெரியாவிட்டால் சரியாக எரிகிறது.

புதியவர்கள் செய்வது ஒன்று உண்டு: அடுப்பு வாய் நிறைய விறகைத் திணிப்பது. நிறைய விறகு, நிறைய தீ என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். உள்ளே வாயு ஏராளமாகக் கிளம்பும், எரிக்கக் காற்று நுழைய வழியிருக்காது. இரண்டு மூன்று விறகு போதும். நடுவில் விரல் நுழையும் இடைவெளி விட்டு, முனைகள் மட்டும் தீயில் இருக்கும்படி வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டு வாருங்கள். அப்போது வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும், கிளம்பியது அத்தனையும் எரியும். ஒற்றை விறகை வைத்தாலும் அணைந்துவிடும். எதிரெதிரே இரண்டு இருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றின் மேல் படுகிறது. தனியாக இருப்பதன் சூடு காற்றில் போய்விடுகிறது.

ஊதுகுழலைச் சுடரில் பிடித்து ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுடரைக் குளிர்விக்கும். குழலின் வாயைத் தாழ்த்தித் தணலின் அடியில் ஊதுங்கள், மெல்ல, நீளமாக. தணல் வெளுக்கும், அந்தச் சூட்டில் மேலே இருக்கும் வாயு தானாகப் பிடிக்கும்.

அடுப்பு விளிம்பில் மூன்று குமிழ் வைப்பது பாத்திரம் ஆடாமல் நிற்பதற்கு மட்டும் இல்லை. பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் அந்த இடைவெளி இருந்தால்தான் எரிந்த காற்று வெளியேறி, புதுக் காற்று வாய் வழியே இழுபடும். குமிழ் தேய்ந்து பாத்திரம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல விறகும் வாய் வழியாகவே புகையும். சுடர் குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் நேராக மோதினாலும் அங்கேயே அணைந்து கரியாகப் படியும். கொடியடுப்பில், அதாவது பெரிய அடுப்போடு சின்ன அடுப்பு ஒன்று ஒட்டியிருக்கும் அமைப்பில், பெரிய பாத்திரத்தைத் தாண்டிவரும் சூடு பக்கத்து அடுப்புக்குப் போகிறது. பருப்பு பெரியதில், ரசம் கொடியில் என்று வைத்தால் அதே விறகில் இரண்டு வேலை.

நன்றாகக் காய்ந்த விறகும் புகையே இல்லாமல் எரியாது. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பெரும் பாரம் அடுப்பின் முன்னால் உட்கார்கிற பெண்கள் மேலும், இடுப்பில் இருக்கும் குழந்தைகள் மேலும் விழுகிறது. முடிந்தால் அடுப்பைத் தாழ்வாரத்தில் வையுங்கள். உள்ளேதான் என்றால் புகைபோக்கி வேண்டும். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே புகைபோக்கியோடு மண்ணடுப்பு வடிவமைத்தார். 1983-இல் மத்திய அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. அந்த அடுப்புகளில் பல பின்னால் கைவிடப்பட்டன. புகைபோக்கியைச் சுத்தம் செய்யாவிட்டால் கரி அடைத்துக்கொள்ளும், புகை மறுபடி அறைக்குள்ளேயே திரும்பும். மாதம் ஒரு தடவை கழியில் துணி கட்டித் தட்டிவிடுங்கள். ஈர விறகு எரிக்கிற வீட்டில் இது இன்னும் சீக்கிரம் அடைக்கும். படிந்த தார் ஒருநாள் தானே தீப்பிடிக்கவும் கூடும்.

சுடர் அடங்கித் தணல் மட்டும் நிற்கும்போது புகை இருக்காது, வாசனையும் இருக்காது. அதனால் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தணலில் இருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வருகிறது. சில சமயம் தணலின் மேல் தவழும் நீலச் சுடர் அந்த வாயு எரிவதுதான். எரியாமல் வெளியே வந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மலைப் பகுதிகளில் குளிருக்காகத் தணல் சட்டியைப் படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போனது உண்டு. தணலை மூடிய அறைக்குள் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

சமையல் முடிந்ததும் விறகை வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணையுங்கள். அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றினால் சூட்டில் மண் வெடிக்கும். அணைந்த கொள்ளி அடுத்த வேளைக்குத் தீக்குச்சி பட்டதும் பிடிக்கும். சாம்பலில் தென்னைக்கும் வாழைக்கும் வேண்டிய சாம்பல் சத்து (பொட்டாசியம்) இருக்கிறது, காரமும் இருப்பதால் தூருக்குத் தூர் கொஞ்சமாகத் தூவினால் போதும். மேலே ஆறிப்போய்த் தெரியும் சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். இரும்பு வாளியில் அள்ளி, மூடி போட்டு, வைக்கோல் போருக்கும் விறகு அடுக்குக்கும் எட்டாத இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்த பிறகு தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.